கண்ட நேரமும் சொன்ன நேரமும்

ஒரு விளக்குக் கம்பம் இரண்டாகத் தெரிந்தது. அன்றிலிருந்துதான் நான் நேரத்தைப் பற்றி உருப்படியாக யோசிக்க ஆரம்பித்தேன்.

நகருக்கு வெளியே ஒரு சோதனை மைதானம். ஆளில்லாமல் ஓட வேண்டிய வண்டியை ஆள் வைத்து ஓட்டிக் கருவிகளைப் பழக்கிக்கொண்டிருந்தோம். கூரையில் சுழலும் லைடார், முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. லைடார் லேசர் துடிப்புகளைச் சுற்றிலும் வீசும். அவை பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும். அந்தப் புள்ளிகளைக் கேமராப் படத்தின் மேல் வண்ணப் பொட்டுகளாகப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். கம்பத்தின் புள்ளிகள் படத்திலுள்ள கம்பத்தின் மேலேயே போய் உட்கார்ந்தால் எல்லாம் சரி. வண்டி நின்றபோது உட்கார்ந்தன. நேராகப் போனபோதும் ஏறக்குறைய உட்கார்ந்தன. மைதானத்தின் மூலையில் திரும்பியதும் கம்பத்தை விட்டு நழுவின. இடப்பக்கம் திரும்பினால் புள்ளிகள் வலப்பக்கம் வழிந்தன. வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம். வண்டி நேரானதும் ஒன்றும் நடக்காததுபோல் கம்பத்தின் மேல் வந்து ஒட்டிக்கொண்டன.

ஓட்டுநர் திரும்பித் திரையைப் பார்த்தார். "ஒரே கம்பம்தானே தம்பி, ஏன் ரெண்டா நிக்குது?"

"தெரியல அண்ணே. இன்னொரு தடவ திருப்புங்க."

நான்கு நாட்கள் தப்பான இடத்தில் தேடினோம். கேமராவைத் தாங்கும் தகடு ஆடுகிறதோ என்று திருகாணிகளை இறுக்கினோம். கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சடித்த பெரிய பலகையை வண்டிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்று, கேமராவுக்கும் லைடாருக்கும் இடையிலான கோணங்களை மறுபடி மறுபடி அளந்தோம். அளவு ஒவ்வொரு முறையும் மிகச் சுத்தமாக வந்தது. வராமல் எப்படி இருக்கும்? அளக்கும்போது வண்டி நின்றுகொண்டிருந்தது. நின்ற வண்டியில் பிழையே கிடையாது. நிற்பவனுக்குப் போன நொடியும் இந்த நொடியும் ஒரே காட்சிதான்.

பிழை இடத்தில் இல்லை, நேரத்தில் இருந்தது. லைடார் ஒவ்வொரு புள்ளிக்கும் அதை அளந்த கணத்தைத் தானே குறித்து அனுப்பியது. கேமரா அப்படிச் செய்யவில்லை. அது படத்தைப் பிடித்து, வரிவரியாகப் படித்து, கம்பி வழியே அனுப்பியது; கணினி அதை வாங்கிப் பிரித்த பிறகுதான் தன் கடிகாரத்தைப் பார்த்து நேரமுத்திரை குத்தியது. டைம்ஸ்டாம்ப் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதற்குள் சுமார் 40 மில்லிசெகண்ட் ஓடிவிட்டிருந்தது. வண்டி நொடிக்கு 30 பாகை வேகத்தில் திரும்பினால் 40 மில்லிசெகண்டில் 1.2 பாகை திரும்பிவிடும். 20 மீட்டர் தள்ளி நிற்கும் கம்பத்தில் அது 42 செ.மீ. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. படம் பொய் சொல்லவில்லை. கம்பம் அங்கேதான் இருந்தது, 40 மில்லிசெகண்டுக்கு முன்னால். அந்த "முன்னால்" என்ற சொல்லைத்தான் வழியில் யாரோ உருவிவிட்டிருந்தார்கள். அந்த யாரோ நாங்கள்தான்; அந்த நிரலை எழுதியவர்கள் நாங்கள்.

சின்ன வயதில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அக்கரையில் துணி துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுவது கண்ணுக்கு முதலில் தெரியும். சத்தம் வந்து சேர்வதற்குள் துணி மறுபடி தலைக்கு மேலே போயிருக்கும். துணி மேலே போகும்போதுதான் சத்தம் வருகிறது என்று எனக்குக் கொஞ்ச நாள் ஓர் எண்ணம் இருந்தது. கண் சொன்னதும் சரி, காது சொன்னதும் சரி. இரண்டையும் வந்து சேர்ந்த வரிசையில் கோத்ததுதான் தப்பு. தானோட்ட வண்டிக்குள் இருக்கும் கணினி அந்தப் பையனைப் போல. அதற்குக் கண்கள் நிறைய. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாமதத்தோடு சேதி சொல்கிறது.

வேகத்தை நினைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு மில்லிசெகண்டில் 2.8 செ.மீ. நகர்கிறது. 100 மில்லிசெகண்டில் 2.8 மீட்டர். கூரை லைடார் நொடிக்கு 10 சுற்று சுற்றினால் ஒரு சுற்றுக்கு அதே 100 மில்லிசெகண்ட். அதாவது, லைடார் தரும் ஒரு முழுச்சுற்றுக் காட்சியைப் புகைப்படம்போல நினைப்பது பிழை. அதன் முதல் புள்ளியை அளந்த இடத்துக்கும் கடைசிப் புள்ளியை அளந்த இடத்துக்கும் நடுவில் வண்டி ஒரு சின்ன அறையின் நீளத்தைக் கடந்துவிட்டிருக்கிறது. சரிசெய்யாமல் விட்டால் நேரான சுவர் சுற்று முடியும் இடத்தில் ஒடிந்து நிற்கும். கேமராவிலும் இதே கதைதான்: பெரும்பாலான கேமராக்கள் படத்தை மேலிருந்து கீழே வரிவரியாகப் பதிகின்றன, மேல்வரி கண்ட நேரமும் கீழ்வரி கண்ட நேரமும் வேறு வேறு. ஓடும் ரயிலிலிருந்து கைபேசியில் படம் எடுத்தால் மின்கம்பங்கள் சாய்ந்து விழுவது இதனால்தான். ரேடார் தன் அலையைப் பல முறை அனுப்பிச் சேர்த்துக் கணக்கிட்டுப் பிறகு பேசும். வண்டியின் அசைவை உணரும் முடுக்கமானியும் சுழற்சிமானியும் நொடிக்கு 100 தடவைக்குக் குறையாமல் பேசிக்கொண்டே இருக்கும். இவை அத்தனையையும் கூட்டி, "இப்போது என் முன்னால் இருப்பது இது" என்று ஒரு முடிவுக்கு வண்டி வர வேண்டும்.

அந்த "இப்போது" எங்கும் தானாகக் கிடைப்பதில்லை. அதை உழைத்து உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இந்த உழைப்பை எனக்கு மிகவும் பிடித்த வடிவத்தில் பார்த்தது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்து வண்டி ஒன்றில். நேரில் அல்ல, ஆய்வுக் கட்டுரையில். ஆண்ட்ரியாஸ் கைகர், பிலிப் லென்ஸ், கிறிஸ்டோஃப் ஸ்டில்லர், ராக்கேல் உர்டசுன் ஆகிய நால்வர் ஒரு ஃபோக்ஸ்வாகன் பஸாட் வண்டியில் நான்கு கேமராக்களையும் ஒரு வெலோடைன் லைடாரையும் பொருத்தி, ஊருக்குள்ளும் வெளியிலும் ஓட்டிப் பதிவுசெய்தார்கள். 2012இல் வெளியான அந்தத் தரவுத்தொகுப்பின் பெயர் கிட்டி. இந்தத் துறையில் இறங்கியவர்கள் அதைத் தொடாமல் போனதில்லை. அதில் கேமராக்களுக்கு எப்போது கண் திறப்பது என்று சொன்னது கணினி அல்ல. லைடாரின் அடியில் இருந்த ஒரு ரீட் தொடுப்பு. காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும் இரண்டு மெல்லிய தகடுகள், அவ்வளவுதான். கதவு திறந்தால் மணி அடிக்கும் திருட்டு எச்சரிக்கைப் பெட்டிகளில் இருப்பதும் அதுவே. லைடாரின் தலை சுழன்று நேர் முன்னால் பார்க்கும் கணத்தில் தகடுகள் தொட்டுக்கொள்ளும். கேமராக்கள் படம் பிடிக்கும். நொடிக்கு 10 தடவை. வண்டிக்கு நேர் முன்னால் இருப்பதைக் கண்ணும் லேசரும் ஒரே கணத்தில் காணும்படி செய்ய இதைவிட எளிய வழி இல்லை. முன்னால் இருப்பதை மட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பதை லைடார் அரைச்சுற்று, அதாவது 50 மில்லிசெகண்ட், தள்ளித்தான் காணும். பின்னாளில் பாஸ்டனிலும் சிங்கப்பூரிலும் பதிவான நூசீன்ஸ் தொகுப்பில் இதற்கும் வழி செய்தார்கள்: சுற்றிலும் ஆறு கேமராக்கள், லைடாரின் பார்வை ஒவ்வொன்றின் நடுவைக் கடக்கும்போது அந்தந்தக் கேமரா கண் திறக்கும்.

கிட்டி கட்டுரையில் நான் மதிக்கும் இடம் வேறு. இருப்பிடத்தையும் அசைவையும் சொல்லும் ஜிபிஎஸ் கருவியை இந்த ஒழுங்குக்குள் கொண்டுவர அவர்களால் முடியவில்லை. அது நொடிக்கு 100 தடவை தன் போக்கில் பேசியது. லைடாரின் நேரத்துக்கு மிக அருகில் இருக்கும் அளவீட்டை எடுத்துக்கொண்டதாகவும், அதனால் மோசமான நிலையில் 5 மில்லிசெகண்ட் வித்தியாசம் இருக்கலாம் என்றும் வெளிப்படையாக எழுதிவைத்தார்கள். அந்த 5 என்ற எண் இருப்பதால்தான் மற்ற எண்களை நான் நம்புகிறேன்.

மின்காந்த அலைகள் இருப்பதை ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் 1880களின் பிற்பாதியில் சோதித்துக் காட்டியதும் இதே கார்ல்ஸ்ரூஹேயில்தான். நொடிக்கு 10 சுற்று என்பதை 10 ஹெர்ட்ஸ் என்று நாம் எழுதுவது அவர் பெயரால். அந்த ஊரிலேயே ஒரு வண்டி, அவர் பெயரில் எண்ணிக்கொண்டு, ஒளியை வீசிக்கொண்டு ஓடியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ரீட் தொடுப்பு ஓர் ஆய்வு வண்டிக்குப் போதும். இன்று ஒரு வண்டியில் கேமராக்கள், ரேடார்கள், லைடார்கள், அவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கணினிகள் என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகொண்டு தன் கணக்கில் நேரத்தை எண்ணுகிறது. இரண்டு படிகங்கள் ஒத்துப்போவதில்லை. 20 பிபிஎம் பிழையுள்ள படிகம், அதாவது பத்து லட்சத்துக்கு 20 பங்கு தவறும் படிகம், நொடிக்கு 20 மைக்ரோசெகண்ட் விலகும். ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட். வெயிலில் நிறுத்திய வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் கொதிக்கும் படிகமும் பின்பெட்டிக்குள் குளிர்ந்திருக்கும் படிகமும் வேறு வேறு விதமாக விலகும். காலையில் ஒருமுறை எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றாகத் திருப்பி வைத்துவிட்டுப் புறப்படலாம் என்பது நடக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓயாமல், ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்பதில்தான் சிக்கல். "உன் கடிகாரத்தில் மணி என்ன?" என்ற கேள்விக்கு வரும் பதில், வந்து சேரும்போது பழையதாகிவிடுகிறது. எவ்வளவு பழையது என்று தெரிய வேண்டும். இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதைச் சீட்டு எடுத்துப்போகும் ஆளை வைத்துச் சொல்கிறேன். பெரியவர் அடுத்த தெருவிலிருந்து "10:00 மணிக்கு அனுப்பினேன்" என்று எழுதி ஓர் ஆளிடம் கொடுக்கிறார். சீட்டு என் கைக்கு வரும்போது என் கடிகாரத்தில் 10:15. என் கடிகாரத்தில் 10:20 ஆகும்போது நான் ஒரு சீட்டு அனுப்புகிறேன். அது தன்னிடம் 10:15க்கு வந்தது என்று பெரியவர் சொல்லியனுப்புகிறார். என்னிடம் வரும்போது 15 நிமிடம் கூடியது, திரும்பிப் போகும்போது 5 நிமிடம் குறைந்தது. ஆளுக்கு ஒரு வழிக்கு 5 நிமிடம் பிடிக்கிறது, என் கடிகாரம் 10 நிமிடம் முந்தி ஓடுகிறது என்று வைத்தால்தான் இரண்டும் பொருந்தும். கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

ஐஇஇஇ 1588 என்ற தரநிர்ணயம் 2002இல் முதலில் வந்தபோது வகுத்த முறையின் உயிர் இதுதான். ஜான் எய்ட்சன் என்ற பொறியாளர் அளவுக்கருவிகளுக்காக வளர்த்தெடுத்த எண்ணம் அது. பிடிபி என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். 2011இல் வந்த 802.1ஏஎஸ் என்ற தரநிர்ணயம், வலைப்பின்னலில் ஏழு தாவல்களுக்குள் இருக்கும் எந்த இரண்டு கடிகாரமும் ஒரு மைக்ரோசெகண்டுக்குள் ஒத்துப்போக வேண்டும் என்று இலக்கு வைத்தது. வண்டிகளில் ஓடும் ஈதர்நெட்டில் இன்று அதன் வழிவந்த முறையே நடக்கிறது. கடிகாரங்களுக்குள் ஒன்று மூத்தது. கிராண்ட்மாஸ்டர் என்று பெயர். அது வழக்கமாக நொடிக்கு 8 தடவை நேரம் சொல்லும். மற்றவை கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும்.

ஆனால் சீட்டுக் கதையில் ஒன்றைக் கேட்காமலே ஒப்புக்கொண்டோம்: போகவும் வரவும் ஆளுக்கு ஒரே நேரம் பிடிக்கும் என்று. வழி மேடாக இருந்து, என்னிடம் வர 7 நிமிடமும் திரும்பிப் போக 3 நிமிடமும் ஆனால்? வரும்போது 17 கூடும், போகும்போது 7 குறையும். கணக்குப் போட்டால் அப்போதும் ஒரு வழிக்கு 5 நிமிடம் என்றுதான் வரும். என் கடிகாரம் 12 நிமிடம் முந்தி ஓடுவதாக விடை வரும். 2 நிமிடம் தப்பு. எத்தனை சீட்டு அனுப்பினாலும் அந்தத் தப்பு வெளிப்படாது. கணக்கு உள்ளுக்குள் அவ்வளவு ஒழுங்காக இருக்கும். வெளியிலிருந்து வேறொரு வழியில் அளந்தால் ஒழிய, இரண்டு பக்கமும் சமம் என்பது நம்பிக்கைதான். 1905இல் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஐன்ஸ்டைன் தூரத்துக் கடிகாரங்களை ஒத்துவைப்பது பற்றி எழுதியபோது, ஒளி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக ஆகும் நேரமும் திரும்பி வர ஆகும் நேரமும் சமம் என்பதை அளந்து கண்டதாகச் சொல்லவில்லை. அதை வரையறையாக வைத்துக்கொண்டு மேலே போனார். மைதானத்து மூலையில் கேபிள்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் இது எனக்கு உறைத்தது. இந்த வண்டிக்குள் "ஒரே நேரம்" என்று நாம் சொல்வதன் அடியில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

போக வர இரண்டு பக்கமும் அனுப்பித் தாமதத்தைக் கழிப்பது தந்திக்காலத்து அறிவு. 19ஆம் நூற்றாண்டில் இரண்டு ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைத் தந்தி மூலம் அளந்தவர்கள் குறிப்பொலியை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் அனுப்பிச் சராசரி எடுத்தார்கள். கம்பியில் ஓட ஆன நேரம் அதில் அடிபட்டுப்போகும். இந்தியாவின் முக்கோணவியல் பெருநில அளவையும் இந்த வேலையைச் செய்தது. சென்னை வானாய்வகத்தின் நேரம்தான் அன்று இந்திய ரயில்களின் நேரம். தந்தி வழியே அது ஊர் ஊராகப் போனது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வண்டிகள் ஓடும் நாட்டில், ஒவ்வொரு நிலையமும் தன் தலைக்கு மேலிருக்கும் சூரியனைப் பார்த்து மணி சொன்னால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. 1906இல் இந்தியப் பொதுநேரம் வந்தது. சென்னை நேரத்தைவிட அது ஏறக்குறைய 9 நிமிடம் முந்தியது. 1792இல் வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்து வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது, தமிழ் எழுத்தும் பொறித்தபடி. ஆடாமல் நிற்க வேண்டும் என்பது மட்டுமே அந்தத் தூணுக்கு வேலை.

எங்கள் பிழைக்கு வருகிறேன். நாங்கள் செய்த திருத்தம் எளியது. படம் வந்து சேர்ந்த பிறகு கணினி முத்திரை குத்துவதை நிறுத்தினோம். கேமராவுக்கே மூத்த கடிகாரத்தோடு ஒத்துப்போகும் கடிகாரத்தைக் கொடுத்து, கண் திறந்திருந்த நேரத்தின் நடுக்கணத்தை அதுவே குறிக்கும்படி செய்தோம். பிடிபியிலும் இதே ஒழுக்கம் உண்டு: நேரச் செய்தி கம்பியைத் தொடும் கணத்தை அங்கேயே, வன்பொருளிலேயே, குறிக்க வேண்டும். மேலே இயங்குதளம்வரை வந்து குறித்தால், அது வேறு வேலையில் இருந்தபோது கழிந்த நேரமும் சேர்ந்துவிடும். எங்கள் 40 மில்லிசெகண்ட் எப்போதும் 40 ஆகவும் இல்லை. வட்டில் பதிவு ஓடும்போது கூடியது, நின்றதும் குறைந்தது. நிலையான தாமதத்தைக் கழித்துவிடலாம். வேலைப்பளுவுக்கு ஏற்ப ஏறி இறங்கும் தாமதத்தை என்ன செய்வது?

தாமதமாகச் சொல்வது குற்றமில்லை. 100 மில்லிசெகண்ட் பழைய சேதியையும், அது அவ்வளவு பழையது என்று தெரிந்தால் வண்டி பயன்படுத்திக்கொள்ளும். இடையில் தான் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து அதை முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளும். வயது தெரியாத சேதிதான் ஆபத்து. ஒரு சென்சாரை வாங்கும்போது எவ்வளவு தூரம் பார்க்கும், எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கண்ட நேரத்தை எவ்வளவு சரியாகச் சொல்லும் என்று கேட்பவர்கள் குறைவு. நானும் கேட்டதில்லை, கம்பம் இரண்டாகும்வரை.

2018 மார்ச் 18 இரவு அமெரிக்காவின் டெம்பே நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபரின் சோதனை வண்டி மோதியது. அவர் இறந்தார். அது கடிகாரம் விலகியதால் நேர்ந்ததல்ல. இருந்தாலும் அந்த விசாரணை அறிக்கையை நான் இந்த வரிசையில்தான் வைத்துப் படிக்கிறேன். மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே வண்டி அவரைக் கண்டுவிட்டது. வாகனம், வேறேதோ, சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறியபோதெல்லாம், அதுவரை அவர் நகர்ந்துவந்த பாதையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, புதிதாகக் கண்ட ஒன்றாகத் தொடங்கியது. ஒவ்வொரு காட்சியும் வண்டியிடம் இருந்தது. முந்தைய கணத்தில் கண்டதும் இந்தக் கணத்தில் காண்பதும் ஒரே ஆள் என்று கோக்கும் நூல் இல்லை. 5.6 நொடி என்பது நிற்கப் போதுமான நேரம். அந்த எண்ணை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

கோப்பதற்கு நேரம் ஒரே திசையில் ஓட வேண்டும். அதனால்தான், ஓடும் வண்டியில் ஒரு கடிகாரம் முந்திப் போய்விட்டது என்று தெரிந்தாலும் அதைப் பட்டென்று பின்னால் திருப்பக் கூடாது. திருப்பினால் பின்னால் நடந்தது முன்னால் நடந்ததாகப் பதிவாகும். எதிரே வரும் லாரி விலகிப் போவதாகக் கணக்கு சொல்லும். கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டு, உண்மையான நேரம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். எந்த நேரம் உண்மை என்பதிலும் கவனம் வேண்டும். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொதுநேரத்தைவிட 18 நொடி முந்தியது. பிடிபி பின்பற்றும் அணுநேரம் 37 நொடி முந்தியது. ஒரு கருவி ஒன்றையும் இன்னொன்று மற்றதையும் பிடித்துக்கொண்டு ஒரே வண்டிக்குள் 19 நொடி இடைவெளியில் வாழ்ந்ததை நான் கண்டிருக்கிறேன். நல்லவேளையாக, இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடும்.

சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால், மூத்த கடிகாரத்துக்கு நேரம் சொல்லும் செயற்கைக்கோள் எட்டாது. நொடிக்கு ஒருமுறை அங்கிருந்து வந்துகொண்டிருந்த துடிப்பு நின்றுபோகும். அப்போதும் வண்டிக்குள் ஒற்றுமை கலைவதில்லை, மூத்த கடிகாரத்தை மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும்வரை. மூத்ததே கொஞ்சம் விலகினாலும் எல்லாம் சேர்ந்து விலகும், ஒன்றின் சாட்சி இன்னொன்றுக்குப் பொருந்தும். அந்த மூத்த கடிகாரம் 1 பிபிஎம் தரத்தில் இருந்தால் ஒரு நிமிடச் சுரங்கத்தில் 60 மைக்ரோசெகண்ட் விலகியிருக்கும். வெளிச்சத்துக்கு வந்ததும் துடிப்பு மீண்டும் கிடைக்கும். கடிகாரம் தாவாமல், யாரும் அறியாதபடி நடையைத் தளர்த்தியோ எட்டிப்போட்டோ அதோடு சேர்ந்துகொள்ளும்.

திருத்தத்தை ஏற்றிய அன்று மாலை மறுபடி அந்த மூலைக்குப் போனோம். அதே ஓட்டுநர், அதே வேகம். இடப்பக்கம் திருப்பினார். படத்தில் கம்பம் வலப்பக்கமாக ஓடியது; அதன் மேல் ஒட்டிய புள்ளிகளும் கூடவே ஓடின. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வண்டியை நிறுத்தாமல், "இன்னொரு தடவ திருப்பவா தம்பி?" என்று கேட்டார்.

"திருப்புங்க அண்ணே. இந்தத் தடவ வலது பக்கம்."